16 விழுக்காடு யாருக்குப் போகும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் பிற்பகல் நேரத்தில் தெருவுக்குள் நடந்து போனால், வாசற்படியில் உட்கார்ந்து பெண்கள் தோலைக் குத்தித் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது ஷூவின் மேல்பாகம். அவர்கள் பேச்சில் 'அப்பர்'. இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். தைத்து முடித்ததை எண்ணி எடுத்துப் போவார். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று பேசியது. மாதச் சம்பளமும் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. எந்தக் கம்பெனிக்குத் தைக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. 2016இல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இயங்கும் தொழிலாளர் உரிமை அமைப்புகள் சேர்ந்து இந்தப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. பிரிட்டன் கடைகளில் 40 முதல் 100 பவுண்டு வரை விலை போகும் ஷூக்களைத் தைத்த பெண்ணுக்கு ஒரு ஜோடிக்குக் கிடைத்தது 10 பென்சுக்கும் குறைவு என்று அது சொன்னது. அன்றைய மதிப்பில் 10 ரூபாய்கூட இல்லை.

இந்த ஷூ பிரிட்டன் துறைமுகத்தில் இறங்கும்போது அந்நாட்டு அரசு அதன் மீது சுங்க வரி போட்டுவந்தது. தோல் பொருட்களுக்கும் காலணிக்கும் அந்த வரி 16 விழுக்காடு வரை. 2025 சூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இந்த வரியைப் பூச்சியமாக்குகிறது. "ஆம்பூருக்கு நல்ல காலம்" என்று ஒன்றிய அரசு சொல்கிறது, ஏற்றுமதியாளர் சங்கங்கள் சொல்கின்றன, நாளேடுகளின் வணிகப் பக்கங்களும் சொல்கின்றன.

நல்ல காலமாகவே இருக்கட்டும். அந்த 16 விழுக்காடு இனி பிரிட்டன் கருவூலத்துக்குப் போகாது என்றால், வேறு யார் கைக்குப் போகும்?

இப்போது தில்லிக்கு இரு தரப்பு ஒப்பந்தங்களின் காலம். 2019 நவம்பரில் ஆசிய நாடுகளின் பெரிய கூட்டு ஒப்பந்தமான ஆர்செப்பிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. சீனப் பொருட்கள் குவிந்துவிடும் என்ற அச்சம் அன்று காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு நாடாகப் பேசும் வழி. 2022இல் ஐக்கிய அரபு அமீரகமும் ஆஸ்திரேலியாவும். 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளின் கூட்டமைப்பு. 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 இலட்சம் நேரடி வேலை என்று அதில் எழுதிக்கொண்டார்கள். 2025இல் பிரிட்டன். 2007இல் தொடங்கி, 2013இல் நின்றுபோய், 2022இல் மீண்டும் உயிர்பெற்ற ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக 2026 சனவரி 27 அன்று தில்லியில் அறிவித்தார்கள். நடுவில் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீது 50 விழுக்காடு வரி போட்டதும், இந்த அவசரம் இரட்டிப்பானது. ஒரு வாசல் அடைபட்டால் இன்னொரு வாசலைத் தேடத்தான் வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நமது நிலையை முதலிலேயே சொல்லிவிடுவோம். வெளிநாட்டுச் சரக்கு என்றாலே தீட்டு என்று பார்க்கும் சுதேசிப் பாட்டு நம்முடையது அல்ல. தன்னிறைவுக் கிராமம் என்ற கனவில் யார் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையிலேயே அந்தக் கனவைக் கிழித்துப் போட்டார். கொங்குப் பகுதியில் பண்ணையாட்களாகக் கிடந்த அருந்ததியர் குடும்பங்களின் பிள்ளைகள் பண்ணையத்தை விட்டு வெளியேறியதில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பங்கு உண்டு. கவுண்டர் தோட்டத்தில் கையேந்திக் கூலி வாங்கியவர், பேருந்து ஏறிப் போய் சனிக்கிழமை சம்பளம் வாங்கியது சின்ன மாற்றமல்ல. அந்தச் சம்பளம் வெளிநாட்டுச் சந்தையிலிருந்து வந்தது. சந்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு இருக்கலாம். நமக்கு இல்லை.

ஆனால் அதே பகுதியில் இன்னொன்றையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்ற இருவர் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். விசைத்தறி ஊர்களில் தலித் தொழிலாளர்கள் முன்பணக் கடனால் தறியோடு கட்டிப்போடப்பட்டிருந்ததை அவர்கள் எழுதினார்கள். சில மைல் தூரத்தில் ஏற்றுமதி ஆலைகள் ஆள் தேடுகின்றன. இங்கே கடன் கணக்கு தீரவில்லை, போக முடியாது. பண்ணையத்தின் இடத்தில் தறிக்கூடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் தடையற்ற வர்த்தகக் கோட்பாடு நம் ஊரில் இடறி விழுகிறது. கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தக் கதை நினைவிருக்கும். 1817இல் டேவிட் ரிக்கார்டோ எழுதியது. இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் காய்ச்சட்டும், இரண்டும் மாற்றிக்கொண்டால் இரு நாட்டுக்கும் ஆதாயம். (ரிக்கார்டோ காட்டிய எடுத்துக்காட்டின் பின்னாலேயே ஓர் இரு தரப்பு ஒப்பந்தம் இருந்தது. 1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தம். ஆங்கிலேயத் துணிக்குப் போர்ச்சுகல் கதவைத் திறந்தது, போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்து வரியைக் குறைத்தது. அதன்பின் போர்ச்சுகலின் நெசவு என்ன ஆனது என்பதைப் பாடப்புத்தகம் அதிகம் பேசுவதில்லை.)

இந்தக் கோட்பாட்டுக்குள் சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. இறக்குமதியால் ஒரு தொழில் சுருங்கும்போது, அதில் இருந்தவர் வளரும் தொழிலுக்கு எளிதாக மாறிவிடுவார் என்பதே அது. போர்ச்சுகல் நெசவாளி திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். நாட்டுக்குள் தொழிலாளி எங்கும் போகலாம், எந்த வேலையும் செய்யலாம் என்று கோட்பாடு நம்புகிறது.

1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் உடைத்தது துல்லியமாக இந்த நம்பிக்கையைத்தான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துவைப்பது என்றார். தொழில்கள் மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில், மனிதன் தொழில் மாறுவதைச் சாதி தடுக்கிறது. அதனால் வேலையின்மைக்கே சாதி நேரடிக் காரணமாகிறது என்றும் அதே நூலில் காட்டினார். அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர் என்பதை மறந்துவிட்டு, சமூகச் சீர்திருத்தவாதி என்ற ஒரு பெட்டிக்குள் அவரை அடைத்தவர்களுக்கு இது வர்த்தகக் கோட்பாட்டின் மீதான விமர்சனமாகத் தெரியவில்லை.

பல பத்தாண்டுகள் கழித்து, பெத்யா டோபலோவா என்ற பொருளாதார ஆய்வாளர் 1991க்குப் பிறகான இந்திய வரிக்குறைப்பை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்தார். வெளிநாட்டுப் போட்டி அதிகமாகத் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் மற்ற மாவட்டங்களைவிட மந்தமாக இருந்தது. மக்கள் தொழில் மாறவும் இடம் மாறவும் முடியாமல் இருந்ததை அவர் முக்கியக் காரணமாகச் சுட்டினார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேசையில் இதைப் பற்றி ஒரு வரி பேசப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

மேசையில் வேறு சில பேசப்பட்டன. பிரிட்டனுடன் ஒப்பந்தம் முடிந்தபோது ஒன்றிய அரசு தன் பெரிய வெற்றிகளில் ஒன்றாக முன்வைத்தது, இந்திய நிறுவனங்கள் தற்காலிகமாக அங்கே அனுப்பும் ஊழியர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிரிட்டன் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பிலிருந்து விலக்கு. இதனால் ஏறத்தாழ 75,000 ஊழியர்களும் 900 நிறுவனங்களும் பயன்பெறும் என்று அரசே கணக்குச் சொன்னது. இந்த 75,000 பேரில் பெரும்பாலோர் யாராக இருப்பார்கள் என்பதைச் சொல்லத் தனி ஆய்வு தேவையில்லை. இட ஒதுக்கீடே இல்லாத தனியார் மென்பொருள் நிறுவனங்களின் வாசலில் நின்று பார்த்தால் போதும். கூடவே இன்னொரு வெற்றி. யோகா ஆசிரியர்கள், செவ்வியல் இசைக்கலைஞர்கள், சமையற்கலைஞர்கள் என ஆண்டுக்கு 1,800 பேர் பிரிட்டன் சென்று பணியாற்ற வழி. செவ்வியல் இசை என்று தில்லி சொல்லும்போது அதற்குள் பறை வருமா, தவில் வருமா என்று கேட்டுப் பார்க்கலாம். சமையற்கலைஞர் என்றால் எந்தச் சமையல் என்றும் கேட்கலாம்.

பிரிட்டனும் சும்மா இல்லை. ஸ்காட்ச் விஸ்கி மீதான 150 விழுக்காடு வரி உடனடியாக 75 ஆகவும், பத்தாவது ஆண்டில் 40 ஆகவும் இறங்குகிறது. 100 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த கார் வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை 10 ஆகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக அட்டவணை. எழுதியபடி நடக்காவிட்டால் தகராறு தீர்ப்பு நடுவத்துக்குப் போகலாம். விஸ்கிக்கு வக்கீல் இருக்கிறார்.

இனி ஆம்பூர் பெண்ணிடம் திரும்புவோம்.

வரிக்குறைப்பின் ஆதாயம் தானாகக் கீழே இறங்கும் என்று நினைப்பவர்கள், 2025 ஆகஸ்டில் திருப்பூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டதும் அமெரிக்க வாங்குநர்கள் ஏற்றுமதியாளர்களிடம் தள்ளுபடி கேட்டார்கள். சில ஆர்டர்கள் நின்றன, சில ஆர்டர்கள் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் திரும்பின. ஏற்றுமதியாளர்கள் ஒன்றிய அரசிடம் நிவாரணம் கேட்டார்கள். தொழிலாளிக்கு ஓவர்டைம் போயிற்று, ஷிப்ட் குறைந்தது, வெளிமாநிலத்தார் ஊர் திரும்பினார்கள். ஆக, வரி ஏறினால் அதன் சுமை கீழே உருண்டு வந்து கடைசிப் படியில் நிற்கிறது. வரி இறங்கினால் மட்டும் ஆதாயம் ஏன் மேலேயே தங்கிவிடுகிறது? பேரம் பேசும் வலு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அது தங்கும். லண்டன் வாங்குநர் "உனக்கு இப்போது வரி இல்லையே, விலையைக் குறை" என்பார். ஏற்றுமதியாளர் பாதியை விட்டுக்கொடுத்து மீதியை வைத்துக்கொள்வார். இடைத்தரகர் தன் கமிஷனை உயர்த்தப் பார்ப்பார். வாசற்படியில் உட்கார்ந்து தைப்பவரிடம் இதை யாரும் சொல்லக்கூட மாட்டார்கள். அவருக்குச் சங்கம் இல்லை, நியமன ஆணை இல்லை, முதலாளி யார் என்ற பெயரே இல்லை. பதிவேட்டில் இல்லாத ஒருவர் எதைக் காட்டிப் பேரம் பேசுவார்?

தோலைப் பொறுத்தவரை சாதி ஏதோ பின்னணியில் இருக்கும் காரணி அல்ல. அந்தத் தொழிலே சாதியின் மேல் எழுந்தது. செத்த மாட்டை உரிப்பது யார், பச்சைத் தோலை உப்புப் போட்டுச் சுமப்பது யார், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவது யார் என்பதை ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. 2016 சூலையில் குசராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்கள் பசுக் காவலர்கள். அந்தத் தோலே டேனரியில் பதப்பட்டு, பளபளவென்று பெட்டியில் அடைபட்டுக் கப்பல் ஏறும்போது அது தேசத்தின் ஏற்றுமதிச் சாதனை. உரித்த கைக்கு அடி, விற்ற கைக்கு விருது.

2015 சனவரி 31 நள்ளிரவுக்குப் பின் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கியவர்கள். இந்த மண்ணுக்குத்தான் இப்போது ஆர்டர் அதிகமாக வரப்போகிறது.

"தொழிலாளர் உரிமைக்கும் இந்த ஒப்பந்தத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தொழிலாளர் நிலை, பாலினச் சமத்துவம், சுற்றுச்சூழல் என்று பிரிட்டன் ஒப்பந்தத்தில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. பாகுபாடு கூடாது, கட்டாய உழைப்பு கூடாது என்ற நல்ல சொற்களும் உண்டு. ஆனால் விஸ்கிக்குக் கிடைத்த தகராறு தீர்ப்பு முறை தொழிலாளர் அத்தியாயத்துக்குப் பொருந்தாது. மீறினால் இரு அரசுகளும் உட்கார்ந்து கலந்து பேசலாம். அவ்வளவே. கலந்து பேசும் இரு தரப்பிலும் அந்தப் பெண் இல்லை.

அந்தப் பாகுபாட்டுக்குள் சாதி வருமா என்றால், வர வேண்டும். வேலைவாய்ப்பில் பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள 'சமூகத் தோற்றுவாய்' என்ற சொல்லுக்குள் சாதி அடங்கும் என்று அந்த அமைப்பின் வல்லுநர் குழு தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகிறது. சங்கம் அமைக்கும் உரிமைக்கான 87, 98 ஆகிய உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையும் அப்படியே கிடக்கிறது. பிரிட்டன் மட்டும் யோக்கியமா? 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க அந்நாட்டு நாடாளுமன்றம் 2013இல் கட்டளையிட்டது. அங்கேயிருக்கும் இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2018இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது. அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டு வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டு, மணிக்குச் சில பென்சுகள் கூலியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஓர் ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கிலிருந்து. 2015இல் அவருக்கு 1,80,000 பவுண்டுக்கும் மேல் சம்பளப் பாக்கி கொடுக்கச் சொன்னது தீர்ப்பாயம். நம் சாதி கப்பல் ஏறிப் போனது. அதை எதிர்த்த வழக்கையும் நம்மிலிருந்து போனவரே போட வேண்டியிருந்தது.

வர்த்தகத்தில் தொழிலாளர் உரிமையைக் கலக்கக் கூடாது என்பது தில்லியின் நீண்டகால நிலைப்பாடு. பணக்கார நாடுகள் உரிமையின் பெயரால் நம் சரக்கைத் தடுக்கப் பார்க்கின்றன என்பது வாதம். இதில் பாதி உண்மை. தங்கள் தொழிலைக் காத்துக்கொள்ள மனித உரிமை பேசும் வழக்கம் மேற்கத்திய அரசுகளுக்கு உண்டு; பேசிவிட்டு மலிவான சட்டையை வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆனால் மீதிப் பாதியை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் இயக்கங்கள் சாதியைக் கொண்டுபோனபோது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று அதே தில்லி தடுத்தது. அப்போது வாஜ்பாய் அரசு. விஸ்கியின் வரி வெளிநாட்டோடு பேசி முடிவுசெய்ய வேண்டியது, தோல் தைப்பவரின் கூலி உள்நாட்டு விவகாரம் என்றால், எல்லைக்கோடு யார் வசதிக்காகப் போடப்பட்டது?

நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை இது என்று ஒதுக்குபவர்களுக்குப் பதில் சொல்லத் திண்டுக்கல் மாவட்டம் இருக்கிறது. 2021 சனவரியில் அங்குள்ள ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். ஆலைக்குள் பெண்கள் மீது நடந்த பாலியல் தொல்லைகளைத் தொழிலாளிகள் வெளியே சொல்லத் தொடங்கினார்கள். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பிரச்சினையை விடவில்லை. ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்காவில் இயங்கும் தொழிலாளர் நீதி அமைப்பும் உடன் நின்றன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. உற்பத்தி நிறுவனம் ஒருபுறம், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு வாங்குநர்கள் இன்னொருபுறம், நடுவில் சங்கம்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பது முக்கியம். பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும், புலம்பெயர்ந்தவர் என்று ஒதுக்குவதையும் பெயர் சொல்லித் தடைசெய்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, ஆலைக்குள் நிறுத்தியது. புகாரை விசாரிக்க வெளியாட்களான மதிப்பீட்டாளர்கள். அவர்கள் சொன்னபடி ஆலை செய்யாவிட்டால் வாங்குநர் ஆர்டரைக் குறைத்து நெருக்க வேண்டும். அது வாங்குநரின் கடமை. 2022 சூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. திருத்த நடவடிக்கைகளைப் பார்த்த பின், செப்டம்பரிலேயே தடையை நீக்கியது. ஆக, ஆர்டரையும் துறைமுகத்தையும் ஆலைக்குள் இருக்கும் பெண்ணின் புகாரோடு ஒரே கயிற்றில் கட்ட முடியும். கட்டியும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வல்லரசுகளின் வழக்கறிஞர்கள் மூன்றரை ஆண்டு பேசி எழுதாததை, நூற்பாலைப் பெண்களின் ஒரு சங்கம் எழுத வைத்தது. குறை இருக்கிறது: அது சில ஆலைகளோடு நிற்கும் தனியார் ஒப்பந்தம். அடுத்த ஆலைக்கு அது செல்லாது, ஆம்பூர் வாசற்படிக்குச் செல்லவே செல்லாது. அரசுகளின் ஒப்பந்தம் மட்டுமே எல்லாருக்கும் செல்லும்.

எனவே நாம் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தைக் கவனிக்க வேண்டும். பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிப்பது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. சட்டச் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, கையெழுத்து எல்லாம் தாண்டி, ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். அந்த நாடாளுமன்றம் 2013 அக்டோபரில் சாதிப் பாகுபாடு குறித்துத் தனித் தீர்மானமே போட்டிருக்கிறது. வர்த்தக ஒப்பந்தங்களில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான விதி சேர்க்கப்பட வேண்டும் என்ற யோசனையையும் அதில் ஏற்றுக்கொண்டது. போட்ட தீர்மானத்தை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஐரோப்பாவில் ஆடைக்கு 12 விழுக்காடு வரையும், தோல், காலணிக்கு 17 விழுக்காடு வரையும் வரி இருந்தது. பிரிட்டனைவிடப் பெரிய சந்தை. அந்த 17 விழுக்காடு போகும் வழியை எழுதி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

வெட்கக்கேடு என்னவென்றால், நம் மக்களின் கூலியைப் பாதிக்கும் ஆவணத்தின் மீது பிரஸ்ஸல்ஸ் உறுப்பினருக்கு வாக்கு உண்டு, வேலூர் உறுப்பினருக்கு இல்லை. பன்னாட்டு ஒப்பந்தம் செய்வது ஒன்றிய நிர்வாகத்தின் அதிகாரம்; நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. மாநில அரசைக் கேட்கவும் வேண்டியதில்லை. கழிவுநீர் மட்டும் பாலாற்றில் கலக்கும்.

இன்னொரு இடத்திலும் கண் வைக்க வேண்டும். அமீரக ஒப்பந்தத்திலும் பிரிட்டன் ஒப்பந்தத்திலும் ஒன்றிய அரசின் கொள்முதலில் அந்நாட்டு நிறுவனங்கள் பங்கேற்கக் கதவு திறந்திருக்கிறது. அரசுக் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு என்று 2012 ஆணை ஒதுக்கியது. குறு, சிறு நிறுவனங்களுக்கான முன்னுரிமை தொடரும் என்று ஒன்றிய அரசு சொல்கிறது. தொடரட்டும். ஆனால் அந்த 4 விழுக்காட்டை நிரப்பாமல் ஆண்டாண்டாக வைத்திருப்பவர்களின் வாக்குறுதி இது. வெளிநாட்டு நிறுவனம் வருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்களால் மூடப்பட்ட கதவு.

நம் கோரிக்கை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வரிச்சலுகை கேட்டு வரும் ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் அது எந்த நாட்டில் உருவானது என்று சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது இந்த ஒப்பந்தங்களின் விதி. தோல் எங்கிருந்து வந்தது, அடிப்பாகம் எங்கே செய்தது, எத்தனை விழுக்காடு மதிப்பு உள்நாட்டில் சேர்ந்தது என்று கணக்குக் காட்ட ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியும். அதே கணக்கில் யார் தைத்தது, வீட்டில் தைத்தவர் எத்தனை பேர், ஜோடிக்கு என்ன கூலி என்ற பத்தி ஒன்றும் இருக்கட்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் வரிச்சலுகை இல்லை என்று எழுதட்டும். சாதி, பாலினப் பாகுபாடு குறித்துப் புகார் வந்தால் சங்கமே நேரடியாகத் தொடுக்கும் வழியும், விஸ்கிக்கு உள்ளது போன்ற நடுவமும் இருக்கட்டும்.

சட்டம், பொருளாதாரம், மொழிபெயர்ப்பு படிக்கும் தோழர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஒப்பந்த உரைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. தொழிலாளர் அத்தியாயமும் தோல் வரி அட்டவணையும் தமிழில் கிடைத்தால், ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் அதை வைத்துப் பேசச் சங்கங்கள் தயாராக இருக்கின்றன. முதலில் அந்த 16 விழுக்காட்டு வரியில் தொடங்கலாம். இடைத்தரகர் அடுத்த மூட்டையை இறக்கும்போது, வரி போன பிறகு ஜோடிக்கு எவ்வளவு என்று வாசற்படியிலிருந்து கேட்க வேண்டும்.